கையில் உருகிய மருந்து

ஒரு செல் மருந்துக்குச் சாகவில்லை என்றால், அந்தச் செல் மருந்தை வென்றுவிட்டது என்று எழுதுவதா, அல்லது அங்கே மருந்து என்று ஒன்று இருந்ததா என்று முதலில் கேட்பதா?

வாசிப்பவருக்கு இது மிகச் சாதாரணமான கேள்வியாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. என் பணிக்காலம் முழுவதிலும் இதை நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையில் ஒரு பெண்மணியின் சிகிச்சை வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தரமணியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பறைக்குப் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவர் நஸ்ரின். அங்கே ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே தங்கிவிட்டவர். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, மருந்தைத் தானே அளந்து, செல் வளரும் தட்டின் சிறு குழிகளில் ஊற்றும் இயந்திரம் வந்திருப்பதாகச் சொன்னார். நூற்றுக்கணக்கான குழிகளை நாங்கள் கையால் நிரப்ப ஒரு முற்பகல் ஆகும். இயந்திரம் அதைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறதாம். "நம்ம வழிமுறையெல்லாம் அதுக்குள்ள ஏத்தணும் மேடம். ஒவ்வொண்ணும் ஏன் வந்துச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, புதுசா வர்றவங்க தேவையில்லன்னு எடுத்துட மாட்டாங்க" என்றார். ஒரே ஒரு வழிமுறைக்குத்தான் கதை இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

விலங்கியலில் பட்டம் பெற்று, ஓராண்டு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம். அதன் நுனி எதிலும் படாமல் இருக்கக் கற்றுக்கொள்ள மேலும் ஓராண்டு. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. என்னை உருவாக்கியது பயிற்சி அன்று, எங்கள் இயக்குநர் டாக்டர் வைதேகியின் கேள்விகள்.

அவர் மயிலாப்பூர்க்காரர். மாடவீதியை ஒட்டிய சந்தில் அவர் குடும்பம் நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆய்வுக்கூடத்திலும் வீட்டுத் தமிழிலேயே பேசுவார். அதற்காகக் கூச்சப்பட்டதும் இல்லை, பெருமைப்பட்டதும் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். முடிவுகளை உட்கார்ந்து படிக்க மாட்டார்; நின்றபடி, தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் படிப்பார். நாம் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றே: "பாத்தேளா, நெனச்சேளா?" கண்ணால் கண்டதா, கண்டிருக்க வேண்டும் என்று கருதியதா? புதிதாக வந்தவர்கள் இந்தக் கேள்விக்குக் கண் கலங்கியதுண்டு. பழகியவர்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் போவோம்.

இன்னொரு கேள்வி வளர்ப்பறையின் வாசலில் கேட்கப்படும். தலையில் பூ இருந்தால் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதற்கு மேல், "காலம்பற மாவு கரைச்சேளா?" என்று கேட்பார். இட்லி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களில் ஈஸ்டும் உண்டு. நகக்கண்ணில் ஒட்டிய ஒரு பொட்டு மாவு, மனித செல்கள் வளரும் குடுவைக்குள் விழுந்தால், இரண்டே நாளில் குடுவை ஈஸ்டுக்குச் சொந்தமாகிவிடும். ஆகையால் வீட்டில் மாவு கரைத்தவர்கள் அன்று முற்பகல் முழுவதும் வளர்ப்பறைக்கு வெளியே எழுத்து வேலை பார்ப்பார்கள். எங்கள் அறையைக் கூட்டித் துடைத்து, கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி, நீராவிக் கலத்தில் வைத்து எடுக்கும் ஏழுமலை இதைக் கேட்டுக் கேட்டு, தன் வீட்டிலேயே இட்லிக்குத் தடை போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வேலை சினைப்பைப் புற்றுநோய் பற்றியது. இந்த நோய்க்குப் பிளாட்டினம் கலந்த மருந்துதான் முதுகெலும்பு. முதல் முறை கொடுக்கும்போது பெரும்பாலும் நன்றாகக் கேட்கும், கட்டி சுருங்கும், வயிற்றில் சேர்ந்த நீர் வற்றும். பிறகு பலருக்கு நோய் திரும்பி வரும். அப்போது அதே மருந்து கேட்குமா, கேட்காதா என்பதே கேள்வி.

பிளாட்டினம் செல்லுக்குள் புகுந்து, மரபுப் பொருளின் இழைகளை முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு விழுந்த இழைகளைப் பிரித்துப் படியெடுக்க முடியாமல் செல் மடிகிறது. தப்பிக்கும் செல்கள் பல வழிகளில் தப்பிக்கின்றன. சில, மருந்து நுழையும் வாசல்களைக் குறைத்துக்கொள்கின்றன. சில, நுழைந்ததை வெளியே இறைத்துவிடுகின்றன. சில, விழுந்த முடிச்சை அவிழ்த்து இழையைச் செப்பனிடக் கற்றுக்கொள்கின்றன. சில, சாக வேண்டும் என்று உள்ளிருந்து வரும் உத்தரவையே பொருட்படுத்துவதில்லை. இன்னும் சில, கந்தகம் உள்ள சிறு மூலக்கூறுகளை ஏராளமாகச் செய்து வைத்துக்கொள்கின்றன. பிளாட்டினத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத பிடிப்பு. இழையைத் தேடி வந்த மருந்து வழியிலேயே கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போய்விடும். நஸ்ரினின் ஆய்வு இந்தக் கடைசி வழியைப் பற்றியது.

இதற்காக ஒரே குடும்பத்துச் செல்களை இரண்டு கிளையாக வளர்த்து வந்தோம். ஒன்று மருந்தையே கண்டிராத மூலச் செல். சிறிதளவு பிளாட்டினத்துக்கே மடிந்துவிடும். மற்றொன்றுக்குப் பல மாதங்களாக, சாகாத அளவில் மருந்து கொடுத்து, தப்பியவற்றை மறுபடி வளர்த்து, அளவைக் கொஞ்சம் கூட்டி, மீண்டும் தப்பியவற்றை எடுத்துப் பழக்கியிருந்தோம். மருந்துக்கு எவ்வளவு செல் மடிகிறது என்று அளக்கும் எந்தப் பரிசோதனை செய்தாலும் மூலச் செல்லைப் பக்கத்தில் வைப்போம். அது மடிந்தால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

பல ஆண்டுகளாக நாங்கள் பயன்படுத்தியது மருத்துவமனையில் ஊசி போடுவதற்காக வரும் பிளாட்டின மருந்து. உப்பு நீரில் கரைத்தே வரும். வெளிச்சம் படாமல் அட்டைப் பெட்டிக்குள், அலமாரியிலேயே வைத்திருப்போம். ஒரு கட்டத்தில் அது எங்களுக்குக் கிடைப்பது சிரமமாகிவிட, தூளாக வாங்கிக் கரைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தூள் வந்த அன்று நஸ்ரின் என்னிடம் வந்து எதில் கரைப்பது என்று கேட்டார். நான் காற்றுத்தடுப்பு மேடையின் முன் பைப்பெட்டும் கையுமாக இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் முகவாயால் ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினேன்.

ஃப்ரிட்ஜ் கதவில், தூள் மருந்துகளைக் கரைக்கும் முறை என்ற தலைப்பில் நான் எழுதி ஒட்டிய ஒரு தாள் இருந்தது. எல்லாத் தூளையும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைக்க வேண்டும் என்று அது சொன்னது. எங்கள் அறையில் அந்தத் திரவம் சமையலறையில் எண்ணெய் இருப்பதுபோல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். செல்களை உறைய வைக்க அதுதான், மருந்து கரைக்க அதுதான், சாயத்தைக் கரைக்கவும் அதுதான். தண்ணீரில் கரையாத மருந்துகளெல்லாம் அதில் கரைந்துவிடும். பிளாட்டினமும் அழகாகக் கரைந்தது. நஸ்ரின் அதைச் சிறு குழாய்களில் பிரித்து, பெயரும் அளவும் தேதியும் எழுதி, ஃப்ரிட்ஜில் மற்ற மருந்துகளோடு அடுக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் செண்பகம் அம்மாளின் செல்கள் எங்களிடம் வந்தன.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கணவரோடு மேட்சிங் சென்டர் நடத்தி வந்தார். புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியும் லைனிங்கும் தேடி வருகிறவர்களுக்கு, இருந்தால் எடுத்துக் கொடுப்பதும், இல்லையென்றால் வெள்ளைத் துணியில் அதே நிறத்துக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பதும் அவர்கள் தொழில். ஓராண்டுக்கு முன் பிளாட்டினச் சிகிச்சை முடிந்து தேறியிருந்தவருக்கு நோய் திரும்பி, வயிற்றில் நீர் சேர்ந்திருந்தது. அந்த நீரை மருத்துவர்கள் எடுக்கும்போது ஒரு பகுதியை ஆய்வுக்குத் தர அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புதல் படிவத்தை வாங்க நான் போயிருந்தேன். படிவத்தை முழுவதும் படித்துவிட்டு, "எந் தண்ணிய வச்சு நீங்க பட்டம் வாங்குவீங்க. எனக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார். உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இருக்காது என்று படிவத்தில் எழுதியிருந்ததையே திரும்பச் சொன்னேன். "நேர்மையாத்தான் சொல்லுதீங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடிக்க மிகவும் சிரமப்பட்டார். முதல் சிகிச்சையில் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. தொட்டுப் பார்த்தே ரூபியா பருத்தித் துணியையும் கலப்புத் துணியையும் பிரித்துச் சொன்ன விரல்கள் அவை.

அவரைப் பார்த்துவந்த மருத்துவருக்கு இருந்த தயக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பிளாட்டினத்தைத் திரும்பக் கொடுத்தால் கேட்கலாம். ஆனால் விரல்கள் மேலும் மரத்துப்போகலாம், சிறுநீரகத்துக்கும் சிரமம். கேட்காது என்றால் அந்தத் துன்பத்தைக் கொடுப்பதில் பொருளில்லை. வேறு மருந்துக்குப் போய்விடலாம். எங்கள் பரிசோதனை சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கானது அன்று என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை மருத்துவர்கள் கூடிப் பேசும் முன், எங்கள் குழிகளில் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், முடிவு என் பொறுப்பு என்று டாக்டர் வைதேகியிடம் கேட்டிருந்தார். தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது ஒரு துளி எடையும் முடிவை மாற்றிவிடும். எங்கள் சொல் அந்தத் துளி.

நீரிலிருந்து செல்களைப் பிரித்துக் குழிகளில் இட்டோம். ஒரு வரிசையில் பிளாட்டினம், மற்றொரு வரிசையில் முதல் சிகிச்சையில் அதோடு சேர்த்துக் கொடுத்த இன்னொரு மருந்து. மூன்று நாள் கழித்து மஞ்சள் சாயத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல்லால் முடியாது. அந்த வாரம் மூலச் செல் எங்களிடம் இல்லை. குடுவையில் ஈஸ்ட் புகுந்து எல்லாவற்றையும் கொட்டியிருந்தோம். அன்று காலை மாவு கரைத்தவர் நானாகவே இருக்கலாம். எனக்கு நினைவில்லை, நினைவில்லை என்பதையும் அன்று டாக்டர் வைதேகியிடம் சொன்னேன். உறைநிலையில் வைத்திருந்த மூலச் செல்லை எடுத்து வளர்க்கத் தொடங்கியிருந்தோம். அது தேறும்வரை காத்திருந்தால் திங்கட்கிழமை தவறிவிடும். இந்த ஒரு முறை அது இல்லாமல் செய்யலாம் என்று முடிவெடுத்தது நான்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. பிளாட்டின வரிசை முழுவதும் ஆழ்ந்த ஊதா. எவ்வளவு மருந்து இட்டபோதும் செல்கள் அசையவில்லை. பக்கத்து வரிசையில் மற்ற மருந்து ஊற்றிய குழிகளோ வெளிறிப் போயிருந்தன. அது ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பரிசோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது, பிளாட்டினம்தான் கேட்கவில்லை என்று கொண்டோம். போதாக்குறைக்கு, அந்தச் செல்களில் கந்தக மூலக்கூறு மிகுந்திருப்பதை நஸ்ரின் தனியாக அளந்து வைத்திருந்தார். காரணம் கையில் தயாராக இருந்ததால் விளைவை யாரும் சந்தேகிக்கவில்லை. அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டு டாக்டர் வைதேகியின் மேசையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை செண்பகம் அம்மாளுக்கு மறுபடி நீர் எடுத்தார்கள். வாங்கிவர நானே போனேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி கடைக்குத் தொலைபேசியில் நிறம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு, என்ன தெரிந்தது என்று கேட்டார். முடிவுகளை நோயாளிகளிடம் நாங்கள் சொல்லக்கூடாது என்றேன்.

"சொல்லக்கூடாதுன்னா விடுங்க. உங்க மூஞ்சிதான் சொல்லுதே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மருந்துக்கு அசையலையாக்கும்?"

நான் நீர்க் குப்பியின் மூடியை மறுபடி இறுக்கினேன்.

"அக்கா, எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. சாயத்துல முக்குன துணி வெள்ளையாவே வருதுன்னு வைங்க. துணி சரியில்லன்னு தூக்கிப் போட்டுற மாட்டோம். நல்லாப் பிடிக்கும்னு தெரிஞ்ச துணி ஒரு துண்டு வச்சிருப்போம். அத அதே சாயத்துல முக்கிப் பாக்கணும்லா. அதுவும் பிடிக்கலன்னா, கோளாறு சாயத்துல."

பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படி ஏதும் பாத்தீங்களான்னுதான் கேக்கேன். வெரலு போனாலும் பரவாயில்ல, கேக்கும்னா போட்டுக்கிடுவேன். கேக்காதுன்னா எதுக்கு?" என்றார்.

வழக்கமாகப் பார்ப்போம் என்று சொன்னேன். வழக்கமாக என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சேர்த்தேன் என்பது, மந்தைவெளியில் பறக்கும் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் ஏழுமலை ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைப்பார். மருந்துக் குழாய்களைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தவர், ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா மேடம், பிளாட்டினம் பூரா கட்டியாயிட்டுகீது. மார்கழி மாசத்துத் தேங்காண்ணெ மாதிரி."

எல்லா மருந்தும் ஃப்ரிட்ஜில் அப்படித்தான் உறைந்திருக்கும், கையில் பிடித்தால் உருகிவிடும் என்றேன். நாங்கள் தினமும் செய்வது அதுதான். குழாயை உள்ளங்கையில் மூடி, உருகியதும் பயன்படுத்துவோம். தூளைக் கரைத்த பிறகான சில வாரங்களில், பழக்கிய கிளைக்கு மருந்து இட, இதே குழாயை நானும் எத்தனையோ முறை கையில் உருக்கியிருந்தேன்.

"மத்ததெல்லாம் சரி. இது முன்னாடி தண்ணியாத்தான இருக்கும்? ஃப்ரிட்ஜிலயே வெக்க மாட்டீங்களே. அட்டப் பொட்டில, வெளில வெப்பீங்க. நான்தான தொடச்சினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

உப்பு நீர் ஃப்ரிட்ஜில் உறையாது. டி.எம்.எஸ்.ஓ. உறையும். குழாயை அவரிடமிருந்து வாங்கிக் கையில் மூடினேன். மெல்ல உருகியது. டி.எம்.எஸ்.ஓ. என்பதில் உள்ள எஸ் என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்று பள்ளியில் வேதியியல் படித்த எவரும் சொல்வார்கள். கந்தகம். பிளாட்டினத்தைக் கந்தகம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த நாங்கள், பிளாட்டினத்தைக் கந்தகத்தில் கரைத்து வைத்திருந்தோம். செல்லுக்குள் நடப்பதாக எதைத் தேடினோமோ, அது எங்கள் குழாய்க்குள்ளேயே நடந்து முடிந்திருந்தது. செண்பகம் அம்மாளின் செல்கள் எந்த மருந்தையும் வெல்லவில்லை. அவற்றுக்கு நாங்கள் மருந்தே கொடுக்கவில்லை.

டாக்டர் வைதேகி அன்று நண்பகல்வரை இருப்பார். நான் போனபோது சன்னலருகே நின்று என் அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "தூள் வந்த அன்னிலேர்ந்து சொல்லுங்கோ. ஒண்ணையும் தாண்டாம."

எல்லாவற்றையும் சொன்னேன்: முகவாயால் கதவைக் காட்டியது, மூலச் செல் இல்லாமலே தட்டை வைத்தது, உறைந்திருந்த குழாய், ஏழுமலை சொன்னது, முந்தைய நாள் செண்பகம் அம்மாள் கேட்டது. முடித்ததும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மருந்து செத்துப்போச்சுன்னு பாத்தேளா, நெனச்சேளா?"

"குழாய் உறைஞ்சிருந்ததைப் பார்த்தேன். மத்தது நினைச்சதுதான். நிரூபிக்க மூணு நாள் வேணும்."

"அப்போ இந்தக் காயிதமும் நெனச்சதுதான்" என்று அறிக்கையைக் குறுக்கே இரண்டு கோடு போட்டு, தேதியிட்டுக் கையெழுத்திட்டார். கிழிக்கவில்லை. அந்தத் தாள் இன்றும் கோப்பில் இருக்கிறது. உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். நான் எதிரிலேயே நின்றிருந்தேன். எங்கள் பக்கத்தில் தவறு நடந்திருக்கிறது, நாங்கள் எதுவும் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம், முடிந்தால் மூன்று நாள் பொறுங்கள் என்றார். தவறு யாருடையது என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். "எங்களோடது" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நஸ்ரினின் பெயரையும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

நஸ்ரினிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவரது ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் அந்தச் சில வாரங்களில் பழக்கிய கிளைக்கு மட்டும் அந்த மருந்தை இட்டுக் கந்தகத்தை அளந்த முடிவுகளால் ஆனது. தவறு என் தாளில் இருக்கிறது என்றேன். "ஒட்டினது நீங்க. படிச்சது நான். அதுல கந்தகம் இருக்குன்னு எனக்கும் தெரியும் மேடம்" என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, புதிய தூளை எடை போட உட்கார்ந்தார். இம்முறை உப்பு நீரில். மெல்லச் சூடாக்கி, வெளிச்சம் படாமல் வெள்ளித் தாள் சுற்றிக் கரைத்தார். ஏழுமலை ஆட்டோ பிடித்துப் போய், மருத்துவர் கொடுத்தனுப்பிய ஊசி மருந்துக் குப்பி ஒன்றை வாங்கி வந்தார். தேறி வந்திருந்த மூலச் செல்களையும், வெள்ளிக்கிழமை எடுத்த நீரிலிருந்து பிரித்த செல்களையும் அடுத்தடுத்து இட்டு, பழைய குழாய், புதிய கரைசல், மருத்துவமனைக் குப்பி என மூன்றையும் தனித்தனி வரிசையில் ஊற்றினோம்.

செவ்வாய்க்கிழமை சாயம் ஊற்றிக் காத்திருந்தபோது மூவரும் தட்டைச் சுற்றி நின்றோம். செல் தட்டு திறந்திருக்கும் நேரத்தில் ஏழுமலை வளர்ப்பறைக்குள் வரக்கூடாது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய குழாயின் வரிசை, பிளாட்டினத்துக்குச் சாவதற்கென்றே இருக்கும் மூலச் செல்லிலும் ஊதாவாக நின்றது. மற்ற இரண்டு வரிசைகளிலும் மூலச் செல் மஞ்சளாகவே இருந்தது. செண்பகம் அம்மாளின் செல்கள் குறைந்த அளவுகளில் சற்று ஊதா காட்டி, அளவு கூடக்கூட வெளுத்து, கடைசிக் குழிகளில் மஞ்சளாகி நின்றன. டாக்டர் வைதேகி தட்டைச் சன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. "எழுதிக்கோங்கோ" என்றார்.

தவறை நோயாளியிடமும் சொல்லியாக வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் தயங்கினேன். சொல்வதால் செண்பகம் அம்மாளுக்கு எங்கள் மேல் உள்ள நம்பிக்கை போகலாம். மருத்துவர் மேல் உள்ளதும் போகலாம். சொல்லாவிட்டால் அந்த நம்பிக்கையை நாங்கள் ஏமாற்றி வைத்துக்கொண்டிருப்பதாகும். மருத்துவரின் இசைவோடு புதன்கிழமை போய்ச் சொன்னேன். அவர் சொன்னபடியே சாயம்தான், அதாவது எங்கள் மருந்துதான், கெட்டிருந்தது என்றேன். நான் கிளம்பலாமா என்று யோசித்தபோது, "அப்போ எந்துணி நல்ல துணிதான்னு சொல்லுதீங்க" என்றார். ஓரளவு என்றேன். "ஓரளவுன்னா ஓரளவு. தொழில்ல அதுக்கு மேல என்ன கேக்க முடியும்?"

அவருக்குப் பிளாட்டினம் மறுபடி கொடுக்கப்பட்டது. விரல்கள் மேலும் மரத்தன. வயிற்று நீர் வற்றியது. பங்குனி பிறக்கும்போது கடைக்குத் திரும்பிவிட்டார். துணியை விரலால் தடவிப் பார்ப்பதற்குப் பதிலாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதாக அவர் கணவர் சொன்னார். இரண்டு தீபாவளிக் கூட்டத்தை அவர் கல்லாவின் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அதன் பிறகு நோய் மூன்றாம் முறை வந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரே நீரை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்தத் தடவ சாயம் சரியா இருக்கா?" சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன் என்றேன். அந்த முறை மூலச் செல்கள் மடிந்தன. அவருடைய செல்கள் மடியவில்லை. பிளாட்டினம் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க அவை கற்றுக்கொண்டிருந்தன. மருத்துவர் தாமாகவே வந்திருந்த முடிவும் அதுவே. அவருக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது, விரல்களுக்கு மேலும் துன்பம் தராத ஒன்று. சில மாதங்கள் கழித்து அவர் காலமானார். முன்பு மடிந்ததும் பின்பு மடியாததுமாக அவரிடமிருந்து வந்த இரண்டு தொகுதிச் செல்களை ஒப்பிட்டே நஸ்ரின் தம் ஆய்வேட்டை முடித்தார். ஒரே மனிதரிடமிருந்து இப்படி இரண்டும் கிடைப்பது அரிது. அந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு இடம் உண்டு, படிவத்தில் நாங்கள் தந்த உறுதியின்படி பெயர் இல்லாமல். அவர் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டே இங்கே வேறு பெயரில் எழுதியிருக்கிறேன்.

திரும்பிப் பார்க்கும்போது எனக்கு நன்றியே மிஞ்சுகிறது. தவறு செய்கிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எல்லா நேரமும் கிடைப்பதில்லை. எனக்கு அது இரண்டு நாளுக்குள், இரண்டு பேரிடமிருந்து, இன்னும் காலம் இருக்கும்போதே கிடைத்தது. அவர்கள் இருவரில் ஒருவர்கூட அதைத் தம் வேலையாகக் கருதியிருக்க வேண்டியதில்லை.

நஸ்ரின் கேட்ட வழிமுறை இதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமையே ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த என் தாளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தாள் எழுதினோம். அன்று முதல் எந்த மருந்துக் குழாயிலும் அது எதில் கரைக்கப்பட்டது என்பது பெயருக்குக் கீழே எழுதப்படுகிறது. மூலச் செல் பக்கத்தில் இல்லாத தட்டு இன்கியூபேட்டருக்குள் வைக்கப்படுவதில்லை. அது மடியாத நாளில் அறிக்கை எழுதப்படுவதில்லை. புதிய இயந்திரமும் எந்த மருந்தையும் முதலில் மூலச் செல்லின் குழியில்தான் ஊற்ற வேண்டும்.